பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் காரில் எதைக் கழற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1980களின் நடுவிலிருந்து 2000களின் தொடக்கம் வரை வந்த டர்போ பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றியது இந்தப் பக்கம். மாஸ்டா ஆர்எக்ஸ்-7, டொயோட்டா சுப்ரா, எம்ஆர்2, நிஸ்ஸான் 300இசட்எக்ஸ், மிட்சுபிஷி 3000ஜிடி, போர்ஷே 944 டர்போ போன்றவை. டர்போ என்பது எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் பாகம். இவற்றை வாங்குகிறவர்கள் பானட்டைத் திறந்ததும் கேட்பது ஒன்றுதான்: "இதெல்லாம் எதுக்கு? கழட்டிடலாமா?" சிலவற்றைத் தாராளமாகக் கழற்றலாம். சிலவற்றைக் கழற்றினால் ஒரு மாற்றமும் தெரியாது. சிலவற்றைக் கழற்றினால் இன்ஜினே போய்விடும்.

கேள்வி: வண்டி இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. முதலில் எதைக் கழற்றுவது?

எதையும் கழற்றாதீர்கள். முப்பது வருடம் ஓடிய டர்போ காரில் தொலைந்துபோன இழுவையில் பாதி, எங்கோ ஒழுகும் காற்றில்தான் இருக்கும். முதலில் கம்ப்ரெஷன் பாருங்கள். அடுத்து பூஸ்ட் லீக் டெஸ்ட்; பூஸ்ட் என்பது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம். டர்போவின் காற்று நுழைவாயை ஒரு மூடியால் அடைத்து, அந்த மூடியில் பொருத்திய வால்வு வழியே கம்ப்ரெஸர் காற்றை மெதுவாக ஏற்றுங்கள். தொழிற்சாலை பூஸ்ட் அளவு, அதாவது 0.7 பார் அளவுக்கு ஏற்றினால் போதும். பிறகு சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளியுங்கள். இன்டர்கூலர் (டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் பாகம்) குழாயின் ரப்பர் இணைப்பு கிளாம்ப்புக்கு அடியில் நுரை கட்டும். த்ராட்டில் பாடியின் தண்டு ஓரத்தில் சின்னக் குமிழ்கள் வரிசையாக வரும். மேனிஃபோல்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து "உஸ்" என்று சத்தம் மட்டும் கேட்கும்.

இதையெல்லாம் சரிசெய்து, பிளக், பெட்ரோல் ஃபில்டர், ஆக்ஸிஜன் சென்சார் மாற்றி, வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவந்த பிறகு ஓட்டிப் பாருங்கள். பலர் அந்தக் கட்டத்திலேயே ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

கேள்வி: எடையைக் குறைத்தால் நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா?

ஓட்டுகிறவரோடு சேர்த்து 1,300 கிலோ, 260 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குதிரைத்திறனுக்கு 5 கிலோ. அதில் 50 கிலோவைக் கழற்றினால், வேகம் பிடிப்பதில் ஏறத்தாழ 10 குதிரைத்திறன் கூடியதற்குச் சமம். காதில் விழுகிற அளவுக்குப் பெரிய எண் இல்லைதான். ஆனால் இன்ஜினில் கூட்டிய 10 குதிரைத்திறன் பிரேக் போடும்போது உதவாது, வளைவிலும் உதவாது. குறைத்த 50 கிலோ இரண்டு இடத்திலும் உதவும், டயரையும் பிரேக் பேடையும் மிச்சப்படுத்தும், இன்ஜினுக்கு ஒரு சுமையும் ஏற்றாது. உச்ச வேகம் மட்டும் ஏறாது. அங்கே எதிராளி காற்றுத் தடை, எடை இல்லை.

கேள்வி: காருக்குள் இருப்பதில் எது அதிக எடை?

எல்லோரும் முதலில் கார்ப்பெட்டைப் பிடுங்குகிறார்கள். உண்மையான எடை சீட்டில் இருக்கிறது. மோட்டார் வைத்த முன் சீட் ஒன்று 25 கிலோவைத் தாண்டும். நல்ல பக்கெட் சீட் 7, 8 கிலோதான். ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிகள் சேர்ந்து 15 கிலோ வரை வரும். இரண்டு கதவுக் கார்களின் பின் சீட் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் வெறும் நுரைப் பஞ்சு. எடுத்தாலும் தராசு அதிகம் அசையாது.

தரையில் ஒட்டியிருக்கும் தார் போன்ற சத்தத் தடுப்புத் தகட்டை எடுக்க உலர் பனிக்கட்டிதான் வழி. மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் அந்தக் கட்டிகளைத் தகட்டின் மேல் பரப்பி, பத்து நிமிடம் விட்டால் தகடு கண்ணாடி போல் இறுகும். ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் சில்லு சில்லாகத் தெறித்து வரும். கையுறையும் கண் கவசமும் கட்டாயம். ஷட்டரை மூடிக்கொண்டு செய்யவே கூடாது. பனிக்கட்டியிலிருந்து வருவது கார்பன் டை ஆக்ஸைடு, தரை மட்டத்தில்தான் தேங்கும், நீங்கள் தலையை வைத்து வேலை பார்ப்பதும் அங்கேதான். இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது சில கிலோக்கள். அதன் பிறகு சாலையில் ஓட்டும்போது ஒவ்வொரு கல்லும் தகரத்தில் அடிக்கும் சத்தம் உங்கள் காதில் விழும். டிராக்குக்கு மட்டும் ஓடும் வண்டியாக இல்லாவிட்டால் இது தேவையில்லை என்பது என் கருத்து.

கேள்வி: பின்பக்கத்தில் இருப்பதை மட்டும் கழற்றினால் போதுமா? அதுதான் சுலபமாக இருக்கிறது.

சுலபம்தான், அதில்தான் சிக்கலும். முன்பக்கம் இன்ஜின் உள்ள காரில் ஸ்டெப்னி, பின் சீட், பின் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் எடுத்தால் மொத்த எடை குறையும், முன்சக்கரங்களின் மேல் விழும் பங்கு கூடும். வளைவில் மூக்கு வெளியே தள்ளும். பிரேக் அழுத்தினால் பின்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும்.

முன்னால் குறைப்பது கடினம், ஆனால் அதற்குத்தான் மதிப்பு. பேட்டரியில் தொடங்கலாம். ஈய பேட்டரி 15 கிலோவுக்கு மேல் இருக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 5 கிலோ சுற்றுவட்டம். அல்லது பழைய பேட்டரியையே டிக்கிக்கு மாற்றலாம். மாற்றினால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள். காரின் முழு நீளத்துக்கும் ஃபியூஸ் இல்லாத பாசிட்டிவ் கேபிளை இழுத்துவிட்டு நிம்மதியாக ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

கேள்வி: புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றினால் எவ்வளவு பவர் கூடும்? எல்லோரும் அதைத்தானே முதலில் செய்கிறார்கள்?

டர்போ காரில் எக்ஸாஸ்ட் பக்கம் கை வைப்பதற்கு மற்ற கார்களில் இல்லாத பலன் உண்டு. டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுவது, அதற்கு முன்னால் உள்ள புகை அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம். பின்னால் அடைப்பு குறைந்தால் அதே புகை சக்கரத்தை இன்னும் வேகமாகத் தள்ளும். பூஸ்ட் சீக்கிரம் வரும், உச்ச ஆர்பிஎம்மில் மூச்சுத் திணறாது. ஆகவே டர்போவை ஒட்டி வரும் முதல் சில அடிக் குழாய்தான் முழு எக்ஸாஸ்டிலும் முக்கியமான இடம். கடைசியில் தொங்கும் பளபளப்பான சைலன்சரை மாற்றுவதில் சத்தம் மாறுவதுதான் அதிகம்.

1990களின் சில கார்களில் டர்போவுக்கு அடுத்தே ஒரு சிறிய முன் கன்வெர்ட்டரும், தரைக்கு அடியில் பெரியது ஒன்றும் இருக்கும். 1991 கடைசியில் அறிமுகமான மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 இதற்குப் பேர்போனது. அதில் இருப்பது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின்; அதன் புகை இயல்பிலேயே அதிகச் சூடு, எரியாத பெட்ரோலும் கலந்து வரும். முன் கன்வெர்ட்டர் வயதாகி அடைத்துக்கொண்டால் சுற்றியுள்ள ஹோஸ், வயர் எல்லாம் வெந்துபோகும்.

ஆனாலும் சாலையில் ஓடும் காரிலிருந்து கன்வெர்ட்டரை அடியோடு நீக்குவது பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி குற்றம், புகைச் சோதனையிலும் தேறாது. அதை விட்டாலும், பின்னால் வருகிறவர் உங்கள் புகையைச் சுவாசிக்க வேண்டிய அவசியம் என்ன? நடுவழி ஒன்று உண்டு. பழைய பீங்கான் கன்வெர்ட்டரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 400 துளைகள் இருக்கும். 200 துளை கொண்ட உலோகக் கன்வெர்ட்டர், நல்ல விட்டமுள்ள குழாயோடு சேர்த்துப் போட்டால், வெற்றுக் குழாய் தரும் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மிச்சம் இருக்கும் சில குதிரைத்திறனுக்காகக் காருக்குள் பெட்ரோல் நாற்றத்தோடு ஊர் போய் வருவது அவரவர் விருப்பம்.

கேள்வி: பெரிய குழாய் மாட்டிய பிறகு, எதையும் திருகாமலே பூஸ்ட் ஏறிக்கொண்டே போகிறது. நல்லதுதானே?

நல்லதில்லை. உடனே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

வேஸ்ட்கேட் என்பது புகையை டர்பைனுக்குப் போகவிடாமல் பக்கவாட்டில் திருப்பிவிடும் சிறு கதவு. பூஸ்ட் குறித்த அளவைத் தொட்டதும் அது திறக்கும். தொழிற்சாலை அந்தக் கதவின் அளவைத் தீர்மானித்தபோது, எக்ஸாஸ்டில் கன்வெர்ட்டரும் குறுகிய குழாயும் இருக்கும் என்று கணக்குப் போட்டே தீர்மானித்தது. நீங்கள் அடைப்பை எடுத்துவிட்டீர்கள். இப்போது கதவு முழுக்கத் திறந்தும் போதவில்லை; ஆர்பிஎம் ஏற ஏறப் புகை பெருகுகிறது, டர்பைன் வேகமெடுக்கிறது, பூஸ்ட் ஊர்ந்து ஏறுகிறது. 0.7 பார் இருக்க வேண்டிய இடத்தில் முள் 1 பாரைத் தாண்டிவிடும். குளிர் காலத்தில் காற்று அடர்த்தியாக இருக்கும்போது இது இன்னும் மோசம்.

தொழிற்சாலை இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இதைக் கண்டால் பெட்ரோலை வெட்டும். முழு வேகத்தில் யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்தது போல் வண்டி தலையைக் குனிந்து நிற்கும். எரிச்சலாக இருக்கும். ஆனால் உங்கள் இன்ஜினைக் காப்பாற்ற இருக்கும் கடைசிக் காவல் அதுதான். அந்த வெட்டை ஏமாற்றும் சின்ன மின்னணுப் பெட்டிகள் விற்கிறார்கள். பூஸ்ட் ஏறுவதற்கு மருந்தாக அதை மாட்டுவது, இன்ஜினுக்கு நாள் குறிப்பதற்குச் சமம். இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்ப்பும் ஈடுகொடுக்க முடியாமல் கலவை வறண்டு, நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது) தொடங்கும். பிஸ்டன் இன்ஜினில் வளையங்களுக்கு இடைப்பட்ட மேடு உடையும். ரோட்டரியில் ரோட்டர் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் உடைந்து, போகிற போக்கில் டர்பைன் இறக்கைகளையும் சிதைத்துவிட்டுப் போகும்.

சோதிக்கும் முறை எளிது. பூஸ்ட் கன்ட்ரோலரை விலக்கிவிட்டு, வேஸ்ட்கேட்டைத் திறக்கும் ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் மட்டும் வேலை செய்யும்படி ஹோஸை நேராகக் கொடுங்கள். டிராக்கிலோ டைனோவிலோ (பவரை அளக்கும் உருளை மேடை) மூன்றாம் கியரில் முழு த்ராட்டில். முள் ஒரு இடத்தில் நின்றால் பிரச்சினை இல்லை. தொடக்கத்தில் ஒருமுறை துள்ளிவிட்டு இறங்கினால் அது கன்ட்ரோலர் கோளாறு, வேறு கதை. ஆர்பிஎம்மோடு சேர்ந்தே ஏறினால் வேஸ்ட்கேட் துளையைக் கடைந்து பெரிதாக்க வேண்டும், அல்லது பெரிய தனி வேஸ்ட்கேட் வைக்க வேண்டும். இரண்டுக்கும் இப்போது வசதி இல்லையென்றால் கழற்றிய கன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டுங்கள். அடைப்பு திரும்பினால் பூஸ்ட்டும் கட்டுக்குள் வரும்.

கேள்வி: "கொஞ்சம் பேக் பிரஷர் (எக்ஸாஸ்டில் புகைக்கு எதிரான அழுத்தம்) இருந்தால்தான் டார்க் (முறுக்கு விசை) வரும்" என்கிறார்களே?

டர்போவுக்குப் பின்னால் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, மேலே சொன்ன வேஸ்ட்கேட் கட்டுக்குள் இருக்கும் வரை. அந்தப் பழமொழி டர்போ இல்லாத இன்ஜின்களின் குழாய் நீளம், விட்டம் பற்றிய பேச்சு அரைகுறையாகக் காதில் விழுந்து பரவியது.

கேள்வி: ஈஜிஆர் வால்வைக் கழற்றி மூடினால் பவர் கூடுமா?

கூடாது. முழு த்ராட்டிலில் ஈஜிஆர் மூடியே இருக்கிறது. மூடியிருக்கும் ஒன்றைக் கழற்றி என்ன கிடைக்கும்? அது திறப்பது நிதானமாக, ஒரே வேகத்தில் போகும்போது. கொஞ்சம் புகையைத் திரும்ப உள்ளே விட்டு எரியும் சூட்டைக் குறைக்கும். சில இன்ஜின்களில் அந்த நேரத்துக்கான பற்றவைப்பு நேரமும் இதை நம்பியே முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். ஈஜிஆரை அடைத்துவிட்டு இசியுவை மாற்றாமல் விட்டால், நெடுஞ்சாலையில் லேசாகக் கால் வைத்திருக்கும்போது சலங்கை போல் நாக்கிங் கேட்கலாம்.

கரி படிந்து வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டு ஐடிலிங் ஆடினால் அது வேறு. அதற்குத் தீர்வு, கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவது.

கேள்வி: பெட்ரோல் ஆவி பிடிக்கும் கரி டப்பா, ஏர் பம்ப்?

கரி டப்பா ஒன்றிரண்டு கிலோ. எடுத்தால் பெட்ரோல் டாங்க்கின் ஆவி நேராக வெளியே வரும், வண்டி நிற்கும் இடமெல்லாம் நாறும், தீ அபாயமும் கூடும். விட்டுவிடுங்கள்.

ஏர் பம்ப்பில் கொஞ்சம் லாபம் உண்டு: கனமான பாகம், முன்னால் இருக்கிறது, பெல்ட்டால் சுழல்கிறது. ஆனால் கன்வெர்ட்டருக்குக் காற்று கொடுப்பதே அதுதான். கன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு பம்ப்பை மட்டும் எடுத்தால் கன்வெர்ட்டர் பாதி வேலைதான் செய்யும். இன்னொன்று, அதே பெல்ட் வாட்டர் பம்ப்பையும் சுற்றினால், ஏர் பம்ப் போனதும் பெல்ட் பிடிக்கும் பரப்பு குறைந்து உயர் ஆர்பிஎம்மில் வழுக்கலாம். அந்த இடத்தில் ஒரு வெற்றுப் புல்லி வைப்பது பாதுகாப்பு.

கேள்வி: இன்டேக்குக்கு அடியில் பாம்புக் கூடு மாதிரி வாக்குவம் ஹோஸ்கள். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு இரண்டு டர்போவையும் ஒன்றாக ஓடவிடலாமா?

சீக்வென்ஷியல், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும் இரட்டை டர்போ கார்களில் கேட்கப்படும் கேள்வி. போர்ஷே 959, ஆர்எக்ஸ்-7, 1993 சுப்ரா டர்போ எல்லாம் இந்த வகை. ஆர்எக்ஸ்-7இல் முதல் டர்போ 1,800 ஆர்பிஎம்மிலேயே 10 பிஎஸ்ஐ (சுமார் 0.7 பார்) தரும். 4,500 ஆர்பிஎம் பக்கம் இரண்டாவது சேரும், அந்த நொடியில் 8 பிஎஸ்ஐக்கு ஒரு சறுக்கல், பிறகு மீண்டும் 10. இந்தக் கைமாற்றத்தை நடத்துவதற்குத்தான் அத்தனை சோலனாய்டும் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), ஒருவழி வால்வும், சின்ன அழுத்தத் தொட்டிகளும்.

முப்பது வருடச் சூட்டில் அந்த ஹோஸ்கள் ரப்பராக இருப்பதில்லை. விரலால் வளைத்தால் காய்ந்த குச்சி போல் ஒடியும். ஒன்று ஒடிந்தால் போதும், இரண்டாவது டர்போ சேராது, அல்லது முதலாவதே பூஸ்ட் தராது. வெறுத்துப்போய் எல்லாவற்றையும் பிடுங்கி, இரண்டு டர்போவும் எப்போதும் சேர்ந்து ஓடும்படி மாற்றுகிறார்கள். இன்ஜின் அறை சுத்தமாகும், கோளாறு வர இடமே இல்லாமல் போகும், மேல் ஆர்பிஎம்மில் பவர் குறையாது. கொடுக்கும் விலை கீழே இருக்கிறது: முழு பூஸ்ட் வர 3,500க்கு மேல் காத்திருக்க வேண்டும். ஊருக்குள் ஓட்டினால் டர்போவே இல்லாத கார் போல் இருக்கும்.

டிராக் வண்டிக்கு மாற்றம் சரி. சாலை வண்டிக்கு, ஒரு வாரக் கடைசியைச் செலவழித்து, எல்லா ஹோஸையும் சிலிகோனில் மாற்றி, சோலனாய்டுகளை ஒவ்வொன்றாக மின்சாரம் கொடுத்துச் சோதித்து, ஒருவழி வால்வுகளை வாயால் ஊதிப் பார்த்து மாட்டுவதே மேல். அந்த அமைப்பு ஒழுங்காக வேலை செய்யும் காரை ஓட்டிப் பார்த்தவர்கள் அதைப் பிடுங்கச் சம்மதிப்பதில்லை. பிடுங்கச் சொல்கிறவர்களில் பலர் அதைச் சரியாக வேலை செய்யும் நிலையில் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

கேள்வி: பேலன்ஸ் ஷாஃப்டை நீக்குவது பற்றி?

நான்கு சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன்கள் மேலே இருக்கும்போதும் கீழே இருக்கும்போதும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. அதனால் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) வேகத்துக்கு இரண்டு மடங்கில் ஓர் அதிர்வு பிறக்கும். அதை அடக்க எதிரெதிராகச் சுழலும் இரண்டு தண்டுகளை மிட்சுபிஷி 1970களில் தன் இன்ஜின்களில் வைத்தது. போர்ஷே 944க்காக அந்த உரிமத்தை வாங்கியது.

மிட்சுபிஷியின் 2 லிட்டர் 4ஜி63 டர்போவில் இதை நீக்குவது வெறும் பவருக்காக இல்லை. முன் தண்டைச் சுற்றுவது டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சின்னப் பெல்ட். அது அறுந்தால் அதன் நார் டைமிங் பெல்ட்டுக்குள் போய்ச் சிக்கும், டைமிங் தாவும், வால்வு பிஸ்டனில் முட்டும். அந்தச் சின்னப் பெல்ட்டை இல்லாமல் செய்வதே பலர் தேடும் நிம்மதி. சுழலும் எடை குறைந்து இன்ஜின் சுறுசுறுப்பாவது கூடுதல் லாபம்.

ஆனால் தண்டை உருவி எடுத்துவிட்டு மூடினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தத் தண்டின் பேரிங்குகளுக்கு ஆயில் போகும் துளைகள் திறந்தே இருக்கும். பேரிங்கைத் திருப்பிப் பொருத்தித் துளையை மறைக்காவிட்டால் ஆயில் அழுத்தம் அங்கேயே கொட்டிவிடும், மெயின் பேரிங் பட்டினி கிடக்கும். ஆயில் பம்ப்போடு சேர்ந்த தண்டுக்குப் பதில் ஒரு குட்டைத் தண்டு தேவை. துளைகளை ஒழுங்காக அடைத்தாலோ எதிர்ப்பக்கப் பிரச்சினை: ஆயில் அழுத்தம் தேவைக்கு மேல் ஏறலாம், அதையும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

2 லிட்டரில் அதிர்வு பொறுத்துக்கொள்ளும் அளவுதான். 944 டர்போவின் 2.5 லிட்டர் இன்ஜினில் ஒவ்வொரு பிஸ்டனும் பெரிது, அதிர்வும் அதற்கேற்பப் பெரிது. உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமல்ல, இன்ஜினில் திருகியிருக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அது தெரியும். அதில் பெல்ட்டை நேரத்துக்கு மாற்றுங்கள், தண்டு இருக்கட்டும்.

கேள்வி: கிராங்க் புல்லியை எடுத்துவிட்டு லேசான அலுமினியப் புல்லி?

தொழிற்சாலைப் புல்லியை ஓரத்தில் உற்றுப் பாருங்கள். இரண்டு உலோக வளையங்களுக்கு நடுவே ஒரு கறுப்பு ரப்பர்க் கோடு தெரியும். கிராங்க் முறுக்கி அதிரும்போது அதை விழுங்குவது அந்த ரப்பர். ஆறு சிலிண்டர்களை ஒரே வரிசையில் வைத்த இன்ஜினில் கிராங்க் நீளம், முறுக்கு அதிர்வும் அதிகம். அங்கே திண்ணமான அலுமினியத் துண்டைப் போட்டால் ஆயில் பம்ப்பின் பல்சக்கரம்தான் முதல் பலி. பழைய ரப்பர் வெடித்திருந்தால் ரப்பர் வைத்த அதே வகைப் புதுப் புல்லி (டேம்பர்) வாங்குங்கள்.

கேள்வி: ஏசி?

மொத்த அமைப்பும் ஏறத்தாழ 20 கிலோ, பெரும்பாலும் முன்பக்கம். ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கன்டென்சர் போனால் குளிரும் காற்று தடையில்லாமல் வரும். டர்போ காருக்கு இது பெரிய விஷயம். ஸ்விட்ச் அணைத்திருக்கும்போது கம்ப்ரெஸர் கிளட்ச் விடுபட்டுப் புல்லி மட்டும் சும்மா சுழல்வதால் பவர் லாபம் என்று பெரிதாக இல்லை. கேஸைத் திறந்துவிடாதீர்கள், இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். 1990களின் தொடக்கம் வரை வந்தவற்றில் ஓசோனைக் கெடுக்கும் ஆர்-12 இருக்கும். சாலையில் ஓட்டும் காரென்றால் கண்ணாடியில் படியும் மூட்டத்தை நீக்கவும் ஏசிதான் உதவுகிறது என்பதை மழையில் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: பவர் ஸ்டீயரிங்?

பம்ப்பை எடுத்துவிட்டுக் குழாய்களை வளைத்து ஒன்றோடொன்று இணைப்பது அரைவேலை. சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ராக்குக்குள் இருக்கும் பிஸ்டன் சீல் எண்ணெயை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கும், ஸ்டீயரிங் களிமண்ணில் சுற்றுவது போல் இருக்கும். ராக்கைத் திறந்து உள் சீலை நீக்கி, கிரீஸ் வைத்து, பினியனில் இருக்கும் முறுக்குத் தண்டின் தளர்வையும் பூட்டினால்தான் சரியாக இருக்கும். அகல டயர் போட்ட, மூக்குக் கனமான காரில் செய்யாதீர்கள். எம்ஆர்2 போல் இன்ஜின் நடுவில் உள்ள லேசான மூக்குக் காருக்குப் பொருந்தும்.

கேள்வி: ஏபிஎஸ், ஏர்பேக், கதவுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு?

சாலையில் ஓடும் காரில் மூன்றும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ரோல் கேஜ் போட்டிருக்கிறோமே என்பார்கள். ஹெல்மெட் இல்லாமல் கேஜுக்குள் உட்கார்ந்தால் அந்தக் குழாயே மண்டையைப் பிளக்கும்.

கேள்வி: ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு வெறும் கூம்பு ஃபில்டர் வைத்தால் சத்தம் சூப்பராக இருக்கிறது. பவர்?

டர்போ உறிஞ்சும் சத்தம் கேட்பது உண்மையிலேயே இன்பம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பெட்டி இருந்தபோது காற்று பம்ப்பருக்குப் பின்னாலிருந்து குளிர்ச்சியாக வந்தது. இப்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் வெந்த காற்றை இழுக்கிறது. கூம்பைச் சுற்றி ஒரு தடுப்பும், வெளிக்காற்றுக்கு ஒரு குழாயும் இல்லாவிட்டால் வண்டி நகர நகர நன்றாகவும், சிக்னலில் நின்று கிளம்பும்போது சோம்பலாகவும் இருக்கும்.

காற்றை அளக்கும் மீட்டருக்கு முன்னால் தேன்கூடு போல் ஒரு வலை இருந்தால் அதைப் பிய்க்காதீர்கள். காற்றைச் சுழல் இல்லாமல் நேராக்க இருப்பது அது. பிய்த்தால் மீட்டர் தப்பாகப் படிக்கும், கலவை கெடும்.

கேள்வி: பிசிவி வால்வு? புளோ-ஆஃப் வால்வு?

பிசிவியை (இன்ஜினுக்குள் தேங்கும் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு) எடுத்துக் குழாயை அடைத்துவிடுவதுதான் செய்யக்கூடிய மோசமான காரியம். டர்போ இன்ஜினில் பிஸ்டன் ஓரமாகக் கசியும் அழுத்தம் அதிகம். வெளியேற வழியில்லாவிட்டால் ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு வரும், டர்போவின் ஆயிலும் வடியாமல் புகைய ஆரம்பிக்கும். நடுவில் ஆயில் பிடிக்கும் டப்பா ஒன்று வைத்துக் குழாய்களை அப்படியே விடுங்கள்.

மிஞ்சும் பூஸ்டை வெளியேற்றும் புளோ-ஆஃப் வால்வை எடுத்தால், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் அழுத்தக் காற்று திரும்பி வந்து கம்ப்ரெஸர் சக்கரத்தை அடிக்கும். அந்தப் படபடச் சத்தத்துக்கு ரசிகர்கள் உண்டு. அடுத்த கியரில் பூஸ்ட் திரும்ப வரத் தாமதமாவதைத்தான் அவர்கள் சொல்வதில்லை.

கேள்வி: ஹீட் ஷீல்டு, அடித்தட்டு, தெர்மோஸ்டாட் எல்லாம் வெட்டி எடைதானே?

டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கம் 900 டிகிரியைத் தொடும். அந்த நெளிந்த தகரத்தை எடுத்தால் அடுத்து வெந்துபோவது வயரும், கூலன்ட் ஹோஸும், அது இருக்கும் பக்கத்தைப் பொறுத்து பிரேக் ஆயிலும். போல்ட் துருப்பிடித்து உடைந்ததால் ஷீல்டைத் திரும்ப மாட்டாமல் விட்ட கார்கள் நிறைய. வாங்கும்போதே அதைப் பாருங்கள்.

அடித்தட்டும் அப்படித்தான். ஆயில் மாற்ற இடைஞ்சல் என்று எடுத்து மூலையில் வைப்பார்கள். ரேடியேட்டர் வழியாகக் காற்று போக வேண்டுமானால் பின்னால் அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். தட்டு இல்லாவிட்டால் கீழேயிருந்து காற்று புகுந்து அந்த வித்தியாசத்தைக் கெடுக்கும், டெம்பரேச்சர் முள் நெடுஞ்சாலையில்தான் ஏறும்.

தெர்மோஸ்டாட்டை எடுத்தால் இன்ஜின் சூடாகவே நேரமெடுக்கும், இசியு குளிர் இன்ஜின் என்று நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும். கூடாது.

கேள்வி: நான்கு சக்கர ஸ்டீயரிங், அசையும் ஸ்பாய்லர் போன்ற வித்தைகள்?

இங்கே தைரியமாகக் கழற்றலாம். 3000ஜிடி விஆர்-4 இதெல்லாம் சேர்ந்து 1,700 கிலோவைத் தொட்ட கார். முப்பது வருடத்தில் ஸ்பாய்லர் மோட்டாரும் மின்னணு சஸ்பென்ஷனும் பெரும்பாலும் செத்துப்போயிருக்கும், புதுப் பாகமும் கிடைக்காது. வேலை செய்யாத ஒன்றைச் சுமந்து திரிவதில் பொருளில்லை. பின் ஸ்டீயரிங்கை நீக்கும்போது ஃபியூஸை மட்டும் பிடுங்கிவிட்டு விடாமல், பின்சக்கரங்களை நேராகப் பூட்டும் தண்டை மாட்டி, வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

கேள்வி: கழற்றிய பிறகு செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. பல்பைப் பிடுங்கலாமா?

வேண்டாம். சோலனாய்டு இருந்த இடத்தில் அதே ஓம்ஸ் உள்ள, சூடு தாங்கும் ரெசிஸ்டரை வைத்தால் இசியு சமாதானமாகும். விளக்கை அணைத்துவிட்டால் நாளைக்கு நாக் சென்சார் செத்தாலும் தெரியாது. பழைய இசியுக்கள் பல, ஒரு கோளாறைக் கண்டதும் பூஸ்டைக் குறைத்துப் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும். கழற்றியதும் பவர் குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான். 1996 முதல் அமெரிக்கச் சந்தைக் கார்களில் கட்டாயமான ஓபிடி-2 (காரே தன் கோளாறுகளைக் கண்காணிக்கும் முறை) உள்ளவற்றில், கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு ஆக்ஸிஜன் சென்சாரும் கண்காணிக்கும்.

கேள்வி: கழற்றிய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?

ஒரு நட்டைக்கூடப் போடாதீர்கள். இந்தக் கார்களின் ஒரிஜினல் பாகங்கள் பலவற்றின் தயாரிப்பு நின்றுவிட்டது. கலைக்கப்படாத வண்டிக்குத்தான் இப்போது தேடல் அதிகம். ஒவ்வொன்றையும் அதன் போல்ட்டுகளோடு ஒரே பையில் போட்டு, எந்தப் பக்கம், எந்த ஹோஸ் எதில் என்று எழுதி ஒட்டுங்கள். கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுங்கள். ஹோஸ்களின் இரு முனையிலும் ஒரே எண் கொண்ட டேப் சுற்றுங்கள், மார்க்கர் மையில் மட்டும் எழுதினால் ஆயில் பட்டு அழிந்துவிடும்.